எடை குறைஞ்சாச்சு... அந்தக் கொழுப்பு எங்கே போச்சு?

இரண்டு மாதம் விடாமல் நடந்து, இனிப்பைக் குறைத்து, இரவுச் சாப்பாட்டை அளவோடு நிறுத்தி ஒருவர் 5 கிலோ எடையைக் குறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பேன்ட் தளர்ந்துவிட்டது. பீரோவில் மடித்து வைத்திருந்த பழைய ஜாக்கெட் மறுபடியும் பொருந்துகிறது. எல்லாம் சரி. நேற்றுவரை இடுப்பைச் சுற்றி இருந்த அந்த 5 கிலோ இப்போது எங்கே?

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "வியர்வையா வெளியே போயிருக்கும்" என்பார் ஒருவர். "பாத்ரூம் போகும்போது போயிருக்கும்" என்பார் இன்னொருவர். ஜிம்முக்குப் போகும் தம்பி, "கொழுப்பு தசையா மாறிடும்" என்று அடித்துச் சொல்வார். கொஞ்சம் அறிவியல் படித்தவர்கள், "எரிஞ்சு சக்தியா, வெப்பமா மாறிடும்" என்பார்கள்.

இந்த நான்கு பதில்களுமே சரியில்லை. வெட்கப்பட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் குடும்ப மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள், உடற்பயிற்சியாளர்கள் என 150 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னது, 'சக்தியாகவோ வெப்பமாகவோ மாறிவிடும்' என்பதுதான். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்தக் கட்டுரை, எடை குறைப்பைத் தொழிலாகச் செய்பவர்களையே யோசிக்க வைத்தது.

விறகு எரியும்போது வெப்பம் வருகிறது. ஆனால், விறகின் எடை வெப்பமாக மாறுவதில்லை. அது புகையாகவும் ஆவியாகவும் சாம்பலாகவும் பிரிந்து போகிறது. உடம்பிலும் அப்படித்தான். கொழுப்பில் அடங்கியிருந்த சக்திதான் வெப்பமாகவும் வேலையாகவும் செலவாகிறது. கொழுப்பாக இருந்த பொருள் ஏதோ ஒரு வழியில் உடம்பை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். அது எந்த வழி?

அரிசி டப்பாவும் நெல்லுக் குதிரும்

பழைய கிராமத்து வீடுகளில் நெல்லைக் கொட்டிவைக்க ஒரு குதிர் இருக்கும். அன்றாடச் சமையலுக்குச் சமையலறையில் ஓர் அரிசி டப்பா இருக்கும். உடம்பும் இப்படித்தான் இரண்டு இடங்களில் சேமிக்கிறது.

அரிசி டப்பா என்பது கிளைக்கோஜன். சோறு, இட்லி, சப்பாத்தியில் இருந்து கிடைக்கும் குளுக்கோஸை உடம்பு கோத்துக் கட்டி வைக்கும் வடிவம் இது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 கலோரி. ஒரு நாள் பொழுதுக்கே அது சரியாகப் போய்விடும்.

குதிர்தான் கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதோடு, ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொழுப்பு அப்படித் தண்ணீரைச் சுமப்பதில்லை. குறைந்த இடம், நிறைய சக்தி.

ஒரு கணக்குப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் 18 கிலோ கொழுப்பு இருக்கிறது என்றால், அதில் சுமார் 1,60,000 கலோரி இருக்கிறது. இதே சக்தியைக் கிளைக்கோஜனாக வைத்திருந்தால், தண்ணீரோடு சேர்த்து 160 கிலோ மூட்டையை அவர் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கும்!

இயற்கை கொழுப்பை எதற்காக வைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு பறவையைப் பார்த்தால் போதும். பட்டைவால் மூக்கன் என்ற பறவை ஆண்டுதோறும் அலாஸ்காவில் இருந்து பசிபிக் கடலைத் தாண்டி தெற்கே பறக்கிறது. 2022-ல், பிறந்து ஐந்தே மாதமான ஒரு குஞ்சு, அலாஸ்காவில் இருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் கடந்தது. எங்கும் இறங்கவில்லை. இரை எடுக்கவில்லை. அதன் வழிச்செலவு முழுவதும் கிளம்புவதற்கு முன் தின்று சேர்த்த கொழுப்புதான். ஒட்டகத்தின் திமிலில் இருப்பதும் தண்ணீர் இல்லை, கொழுப்பே!

ஆக, கொழுப்பு உடம்பின் எதிரி இல்லை. பஞ்ச காலத்துக்கென்று போட்டு வைத்த சேமிப்பு. பஞ்சமே வராமல் சேமிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போவதுதான் இன்றைய பிரச்னை.

பூட்டு இன்சுலின் கையில்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ட்ரைகிளிசரைடு' என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். கொழுப்பு செல்களுக்குள் சேமிப்பாக இருப்பதும் அதேதான். கிளிசரால் என்ற ஒரு சிறிய முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் 'ட்ரை'.

இந்த வடிவத்தில் அது செல்லை விட்டு வெளியே வர முடியாது. முதுகெலும்பில் இருந்து வால்களைப் பிய்த்து எடுக்க வேண்டும். அதற்கு மூன்று என்சைம்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. இதில் முதல் வாலைப் பிய்க்கும் என்சைமை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே 2004-ல்தான். அவ்வளவு சமீபத்திய விஷயம் இது.

இந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் சுரக்கும். 'சாப்பாடு வந்துவிட்டது, குதிரைத் திறக்க வேண்டாம்' என்று இன்சுலின் கொழுப்பு செல்களைப் பூட்டிவிடும். சில மணி நேரம் கழித்து இன்சுலின் இறங்கியதும் பூட்டு தளர்கிறது. ஓடும்போது, வேகமாக நடக்கும்போது, மாடி ஏறும்போது அட்ரினலினும் நார்அட்ரினலினும் வந்து, 'சீக்கிரம் எடு' என்று அவசரப்படுத்துகின்றன.

இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் ஒருவரின் உடம்பில், விடியற்காலை நேரத்தில் கல்லீரலின் அரிசி டப்பா மெல்லக் காலியாகிக்கொண்டிருக்கும். தசைகளும் இதயமும் கொழுப்பை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பு கரைவது ஜிம்மில் மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை. நாம் குறட்டை விடும்போதும் அது நடக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் இளைக்கவில்லை? இரவில் எடுத்ததைப் பகலில் திரும்பப் போட்டுவிடுகிறோம். 11 மணி டீயோடு இரண்டு பிஸ்கட், 4 மணிக்கு ஒரு வடை, டிவி பார்க்கும்போது ஒரு கை மிக்சர். எடுத்ததைவிடப் போட்டது அதிகமானால் குதிர் நிறைகிறது. எடுத்தது அதிகமானால் குறைகிறது. எந்த நேரத்தில் சாப்பிட்டாலும், நாள் கடைசியில் மிஞ்சும் இந்த வரவு செலவுதான் முக்கியம்.

இரண்டிரண்டாக வெட்டும் கத்தரி

பிரிந்த கிளிசரால் கல்லீரலுக்குப் போய் அங்கே குளுக்கோஸாகிறது. கொழுப்பு அமிலங்களின் கதை கொஞ்சம் நீளம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பது சமையல் செய்யும் எல்லோருக்கும் தெரியும். ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் ஆல்புமின் என்ற புரதம் கொழுப்பு அமிலங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ரத்தத்தில் போகிறது. தசை, இதயம், கல்லீரல் என்று தேவைப்படும் இடத்தில் இறக்கிவிடுகிறது.

அங்கே செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் அடுப்பு. அதற்குள் நுழைய நீளமான கொழுப்பு அமிலங்களுக்கு கார்னிட்டின் என்ற மூலக்கூறு அனுமதிச் சீட்டுபோல உதவுகிறது. உள்ளே போனதும் அமிலத்தின் நீண்ட கார்பன் சங்கிலி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டப்படுகிறது. பாமாயிலிலும் நெய்யிலும் இருக்கும் பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள். ஏழு முறை வெட்டினால் எட்டுத் துண்டுகள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஃபிரான்ஸ் நூப் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. ஆண்டு 1904. கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில், உடம்பால் எளிதில் சிதைக்க முடியாத ஒரு வளையத்தை அடையாளமாக ஒட்டி நாய்களுக்குக் கொடுத்தார். பிறகு சிறுநீரில் என்ன வருகிறது என்று பார்த்தார். சங்கிலியின் கார்பன்கள் இரட்டைப்படையாக இருந்தால் ஒரு பொருளும், ஒற்றைப்படையாக இருந்தால் வேறொரு பொருளும் வந்தன. கத்தரி இரண்டிரண்டாகத்தான் வெட்டுகிறது என்பதை, செல்லுக்குள் எட்டிப் பார்க்காமலேயே அவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

வெட்டிய துண்டுகள் அடுத்த கட்டத்தில் முழுதாகப் பிரிக்கப்படுகின்றன. அதில் கிடைக்கும் சக்தியில்தான் இதயம் துடிக்கிறது, கால் நடக்கிறது, கை மாவு பிசைகிறது. கடைசியில் மிஞ்சுபவை இரண்டே இரண்டு. ஒன்று கார்பன் டை ஆக்சைடு. இன்னொன்று தண்ணீர்.

விடை, நாம் விடும் மூச்சில்!

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மீர்மனும் பிரவுனும் ஒரு கொழுப்பு மூலக்கூறின் ஒவ்வோர் அணுவும் எந்த வழியில் வெளியேறுகிறது என்று கணக்கெடுத்தார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே மூச்சில் கலந்து வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம், கண்ணீர் என்று எந்த வழியில் வேண்டுமானாலும் வெளியேறலாம்.

அதாவது, குறைந்த 5 கிலோ கொழுப்பில் 4 கிலோவுக்கு மேல் காற்றில் கலந்துவிட்டது. அந்தக் கார்பன் டை ஆக்சைடைத் தெருவோர வேப்ப மரம்கூட இழுத்து இலையாக்கியிருக்கலாம்!

'அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமா?' என்று கேட்கத் தோன்றும். முடியாது. மூச்சு என்பது கழிவை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டுமே. செல்லுக்குள் கழிவு உருவானால்தான் வண்டிக்கு வேலை. உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும், விரல்கள் மரத்துப் போகும், மயக்கம்கூட வரலாம். தசைக்கு வேலை கொடுத்து, அதனால் மூச்சு வாங்கினால்தான் கணக்கில் சேரும்.

382 நாள்கள் சாப்பிடாத மனிதர்

மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி. 27 வயதில் அவர் எடை 207 கிலோ. 1965-ல் டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் உணவை நிறுத்தினார். சில நாள்கள் மட்டும் என்று தொடங்கியது 382 நாள்களுக்கு நீண்டது. தண்ணீர், டீ, காபி போன்ற பானங்கள், வைட்டமின்கள், ஈஸ்ட், தேவைப்பட்டபோது பொட்டாசியம், சோடியம். இவ்வளவுதான். முடிவில் எடை 82 கிலோ. குறைந்தது 125 கிலோ! 1973-ல் அவருடைய மருத்துவர்கள் இதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

அந்தப் பதிவில் இரண்டு தகவல்கள் முக்கியமானவை. ஒன்று, அவர் 37 முதல் 48 நாள்களுக்கு ஒரு முறைதான் மலம் கழித்தார். 125 கிலோ கழிவறை வழியாகப் போகவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்று, கடைசி எட்டு மாதங்களில் அவருடைய ரத்தச் சர்க்கரை 30 மில்லிகிராம் அளவிலேயே இருந்தது. வெறும் வயிற்றில் நமக்கு 70 முதல் 100 வரை இருக்கும். 30 என்றால் சாதாரணமாக ஒருவர் மயங்கி விழுந்துவிடுவார். அவரோ நடமாடிக்கொண்டு, வெளிநோயாளியாக மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

எப்படி? மூளையால் கொழுப்பு அமிலங்களை நேரடியாக எரிபொருளாக்கி வாழ முடியாது. அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். ஆனால், பட்டினி நீளும்போது கல்லீரல் கொழுப்பு அமிலங்களைச் சின்னச் சின்ன கீட்டோன்களாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. மூளை அதை ஏற்றுக்கொள்கிறது. நீண்ட பட்டினியில் மூளையின் எரிபொருளில் பாதிக்கு மேல் கீட்டோன்களே என்பதை 1967-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹில் குழுவினர் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் பட்டினியில் இறங்கிவிட வேண்டாம். அதே காலகட்டத்தில் இதே போன்ற முழுப் பட்டினி சிகிச்சையில் உயிரிழந்தவர்களும் உண்டு. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். இதயமும் ஒரு தசைதான். உப்புச் சத்துகளின் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து. அந்தச் சிகிச்சையை மருத்துவ உலகம் கைவிட்டதற்குக் காரணம் இதுதான்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க...

இன்சுலின் ஒரு பூட்டு என்று பார்த்தோம். அந்தப் பூட்டே இல்லாமல் போனால்? டைப் 1 சர்க்கரை நோயில் இதுதான் நடக்கிறது. இன்சுலின் ஊசியைத் தவறவிட்டால் கொழுப்பு கட்டுப்பாடில்லாமல் உடைந்து, கீட்டோன்கள் அளவுக்கு மீறிக் குவிந்து, ரத்தம் அமிலத்தன்மை அடைந்துவிடும். கடும் தாகம், வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழுத்த பழம்போல ஒரு வாசனை. இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகளில் சர்க்கரை நோய் இருப்பதே சில நேரம் இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. காரணமில்லாமல் குழந்தை இளைத்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால், 'வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பட்டினி, கடுமையான விரதம், மாவுச்சத்தை அறவே நிறுத்தும் டயட் ஆகியவற்றின்போது இவர்களுக்கு ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஆபத்து வரலாம். சஷ்டி விரதமோ, ரமலான் நோன்போ, யூடியூபில் பார்த்த டயட்டோ, எதுவானாலும் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முதல் வாரம் 3 கிலோ... மூன்றாவது வாரம் பூஜ்ஜியம்!

டயட் தொடங்கும் பலரும் கைவிடுவது மூன்றாவது வாரத்தில்தான். முதல் வாரம் மெஷினில் முள் சரசரவென்று இறங்கும். பிறகு நகரவே நகராது. 'என் உடம்பு வாகு அப்படி' என்று மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள்.

முதல் வாரம் குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. சோற்றைக் குறைத்ததும் அரிசி டப்பா காலியாகிறது. கிளைக்கோஜன் தன்னோடு வைத்திருந்த தண்ணீரும் சேர்ந்து வெளியேறுகிறது. ஒரே ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டதாகக் காட்டுவதும் இதனால்தான். அதுவும் கொழுப்பு இல்லை. திரும்பி வந்த தண்ணீர்.

உண்மையான கொழுப்பு மெதுவாகத்தான் போகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புத் திசு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ. 382 நாள்கள் எதுவுமே சாப்பிடாத பார்பியரிக்கே சராசரியாக ஒரு நாளைக்குக் குறைந்தது சுமார் 330 கிராம்தான். அப்படியிருக்க, '10 நாளில் 10 கிலோ' என்று வரும் விளம்பரம் எதை நம்பச் சொல்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இடுப்பில் வியர்வை பெல்ட் கட்டி நடப்பவர்களுக்கும் இதே கணக்குதான். போனது தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

தொப்பையை மட்டும் குறைக்க முடியுமா?

இதற்கு 1971-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அழகான ஒரு சோதனை நடந்தது. ஆண்டுக்கணக்காக ஒரே கையால் ராக்கெட் பிடித்து ஆடும் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். ஆடும் கை பருமனாக இருந்தது. ஆனால், தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டு கைகளிலும் ஒன்றுபோலவே இருந்தது.

காரணம் எளிது. உடையும் கொழுப்பு பக்கத்தில் இருக்கும் தசைக்கு நேராகப் போவதில்லை. ரத்தத்தில் இறங்கி ஊர் முழுக்கச் சுற்றிப் பொதுவாகப் பங்கிடப்படுகிறது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும், நல்லதுதான். ஆனால், அதன் மேல் இருக்கும் கொழுப்பு, உடம்பு மொத்தமும் குறையும்போதுதான் குறையும். எங்கே முதலில் குறைய வேண்டும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன.

இன்னொரு செய்தி. எடை குறையும்போது கொழுப்பு செல்கள் அழிவதில்லை. காற்று இறங்கிய பலூன்போலச் சுருங்கிக் காத்திருக்கின்றன. கொழுப்பு செல்களின் எண்ணிக்கை வளரும் பருவத்திலேயே ஏறக்குறைய முடிவாகி, பெரியவர்களில் பெரிதாக மாறுவதில்லை என்று 2008-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் தலைமையிலான ஆய்வு காட்டியது. சுருங்கிய செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைக் குறைவாகச் சுரப்பதால் பசியும் கூடும். எடை குறைத்த பிறகு அதைத் தக்கவைப்பது சிரமமாக இருப்பதற்கு மன உறுதிக் குறைவு மட்டும் காரணம் இல்லை. 'நீ கட்டுப்பாடா இருந்தா போதாதா?' என்று குண்டாக இருப்பவர்களைக் கேட்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

கொழுப்பை எரிக்கும் மாத்திரை

அப்படி ஒரு மாத்திரை இருந்தது. டைநைட்ரோபீனால் என்று பெயர். வெடிபொருள் தயாரிப்பில் பயன்பட்ட ரசாயனம். 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது எடையைக் குறைப்பதாக அறிவித்தார்கள். கடைகளில் விற்பனை பறந்தது. இது மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பின் கட்டுப்பாட்டையே உடைத்துவிடும். கொழுப்பு எரியும், ஆனால் அந்தச் சக்தி வேலைக்குப் போகாமல் முழுக்கச் சூடாக மாறும். பலருக்குக் கண்புரை வந்தது. சிலர் உடல் சூடு எல்லை மீறி இறந்தார்கள். ஏறிய சூட்டை இறக்கும் மாற்று மருந்தும் கிடையாது. 1938-ல் அமெரிக்க அரசு இதை மனிதர்களுக்கு உதவாத கொடிய பொருள் என்று ஒதுக்கியது.

கதை அங்கே முடியவில்லை. இன்றும் இணையத்தில் 'ஃபேட் பர்னர்' என்ற பெயரில் இது கள்ளத்தனமாக விற்கப்பட்டு, வெளிநாடுகளில் இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியையோ கேப்ஸ்யூலையோ வீட்டுப் பிள்ளைகள் பார்சலில் வரவழைத்தால், டப்பாவை வாங்கி ஒரு முறை படித்துப் பாருங்கள்.

ஒல்லியாக இருந்தால் கவலை இல்லையா?

நம் ஊருக்கு இது மிக முக்கியம். இந்தியர்களில் பலர் பார்க்க ஒல்லியாக இருப்பார்கள். ஆனால், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கும். புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் இதைப் பிறந்த குழந்தைகளிலேயே கண்டு காட்டியிருக்கிறார். கொழுப்பு வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றிச் சேரும்போது சர்க்கரை நோய், இதய நோய் வாய்ப்பு கூடுகிறது.

எனவே மெஷினைவிட டெய்லர் டேப் நல்ல வழிகாட்டி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நம் மக்களுக்கான அளவுகோல்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டாம் என்பதில்லை. ஆனால், ஒரு நாள் கணக்கை வைத்துச் சந்தோஷப்படவோ சோர்ந்துபோகவோ வேண்டாம். மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரு மணி நேர வேக நடையில் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. ஒரு சமோசாவும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அதைத் திரும்பக் கொடுத்துவிடும். நடையை நிறுத்த வேண்டாம், நடந்ததற்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள்.

எடை குறையும்போது தசையைக் காப்பாற்ற வேண்டும். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்ற தசைக்கான பயிற்சியும் சேரட்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டயட்டை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

தூக்கத்தைக் குறைக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், நொறுக்குத் தீனியில் கை போகும்.

கொழுப்பு ஒரு மூச்சில் வரவில்லை. போவதும் ஒரு மூச்சில் நடக்காது. மாடிப்படியில் கொஞ்சம் மூச்சு வாங்க ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி குறைகிறது என்பது நிச்சயம். லிஃப்ட் பட்டனுக்குக் கை போகும்போது இது நினைவுக்கு வந்தால் போதும்.